கண்டக்டர் வீட்டுக் கூடம் காலியான கதை

முப்பத்திரண்டு வருஷம் ஓடுகிற பஸ்ஸில் எந்தக் கம்பியையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்த மனுஷன், அசையாமல் நிற்கிற சொந்த வீட்டில் எதையாவது பிடிக்காமல் நாலடி நடக்க முடியவில்லை என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது? கண்டக்டர் யாரிடமும் சொல்லவில்லை. ரிட்டையராகிப் பத்தொன்பது வருஷம் ஆகியும் தெருவில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பேருக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா?

வாய்தான் திறக்கவில்லையே தவிர, ஆள் சும்மா இருக்கவில்லை. ஒரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுச் சாமானை எல்லாம் நகர்த்தி, கூடத்தின் நடுவில் தனக்கென்று ஒரு வழி போட்டிருந்தார். படுக்கையறை நிலைப்படியில் ஒரு கை. அங்கிருந்து கையை நீட்டினால் மனைவி விட்டுப் போன தையல் மெஷின். மெஷினை விடுவதற்குள் பிரம்பு நாற்காலியின் முதுகு. அடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்த இரண்டு இரும்புப் பெட்டி. பிறகு சாப்பாட்டு மேஜையின் மூலை. கடைசியில் பிரிட்ஜ். பிரிட்ஜைத் தாண்டினால் ஒரே எட்டில் பாத்ரூம் கதவு. பார்க்கிறவர்களுக்கு அது போட்டது போட்டபடி கிடக்கிற வீடு. கண்டக்டருக்கு அது ரூட்டு. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்ததுக்குப் புறப்படுவார்.

இதற்குள் இரண்டு தடவை விழுந்திருந்தார். முதல் தடவை வாசல் படியில், மகளின் கண்ணெதிரிலேயே. அதற்கு மூன்று வாரம் மகள் வீட்டில் இருக்கும்படி ஆயிற்று. இரண்டாவது தடவை போன வாரம், சமையலறையில். அன்றைக்கு அவர் தரையில் கிடந்தது முழுசாக இரண்டு மணி நேரம். கவிழ்த்துப் போட்ட கரப்பான் மாதிரி கையைக் காலை ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, கடைசியில் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார். போனில் மகளின் பதினோரு அழைப்பு. "பாத்ரூம்ல இருந்தேன் பாப்பா. லேசா வழுக்கிச்சு, ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்துட்டேன்" என்றார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக் கூடாது, அவ்வளவுதான். அவருக்கு மீசை வேறு பெரிசு.

பாப்பா என்றால் குழந்தை என்று நினைத்துவிடாதீர்கள். பாங்கியில் மேனேஜர், வயது ஐம்பத்தொன்று. முழங்கையில் கன்றியிருந்த நீலத்தைப் பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"பிசியோதெரபிஸ்ட் ஒருத்தங்க வெள்ளிக்கிழமை காலைல வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. 'தனியா இருக்கலாம்'னு அவங்க எழுதிக் குடுத்தா இருங்க, நான் ஒரு வார்த்தை பேசலை. இல்லேன்னா சனிக்கிழமை நான் காரோட வர்றேன். நீங்க எங்க வீட்டுக்கு வந்துடறீங்க."

"வந்து பார்க்கட்டுமே! ஓடுற பஸ்ல நின்னவன் நான்" என்றார் கண்டக்டர், பிரிட்ஜைப் பிடித்தபடி.

மகள் வீட்டில் என்ன குறை? ஒரு குறையும் இல்லை. அதுதான் தொந்தரவே. அந்த மூன்று வாரத்தில் அவருக்குத் தாகம் எடுத்ததே இல்லை. எடுப்பதற்கு முன்னால் யாராவது டம்ளரோடு நிற்பார்கள். நாற்காலியிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்தால் போதும், "என்ன வேணும் மாமா?" என்று மாப்பிள்ளை ஓடி வருவார். தங்கமான மனுஷன். கண்டக்டருக்கு ஒன்றும் வேண்டாம், சும்மா சாய்ந்தார். மூன்று வாரமும் ஒரு கதவைக்கூட அவர் தன் கையால் திறக்கவில்லை. திரும்பி வந்த அன்று சொந்த அடுப்பில் சொந்தமாகக் கருக்கிய பாலில் காபி போட்டுக் குடித்தபோதுதான் போன உயிர் திரும்பி வந்தது. இனி அங்கே போனால் திரும்பி வருவது நடக்காது என்று அவருக்குத் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. பின்னாலேயே வந்த காரிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் இறங்கினார்கள். மகள் கையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நோட்டீஸ்.

"அப்பா, இதுல தெளிவா போட்டிருக்கு. வயசானவங்க விழறதுக்கு முக்கியக் காரணம், நடக்கற வழியில கிடக்கிற சாமான்தானாம். நாளைக்கு அவங்க வரும்போது வீடு பளிச்சுனு இருக்கணும். உங்களை எப்படியும் பாஸ் பண்ண வைக்கறதுன்னு லீவு போட்டுட்டு வந்திருக்கேன்."

கண்டக்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்துதான் போயிற்று. தன்னைக் கூட்டிப் போக நினைக்கிறவளே, தான் இங்கே இருப்பதற்காக லீவு போட்டிருக்கிறாள். மிதியடியைச் சுருட்டினாள், சரி என்றார். தரையில் ஓடிய டிவி ஒயரைச் சுவரோரமாக ஒட்டினாள், பேஷ் என்றார். பிறகு அவள் தையல் மெஷினின் மேல் கை வைத்தாள்.

"அது இருக்கட்டும் பாப்பா" என்றார் அவசரமாக. "அது உங்கம்மா மெஷின்."

மகள் அப்படியே நின்றுவிட்டாள். விரலால் மெஷினின் சக்கரத்தைத் தடவினாள். கண் கலங்கிற்று. தப்பித்தோம் என்று கண்டக்டர் மூச்சு விட்டார்.

"ஆமாம்ப்பா. அம்மா மெஷின். இங்க தூசி படிஞ்சு கிடக்குதே, எனக்கு இத்தனை நாள் தோணலையே!" மூக்கை உறிஞ்சினாள். "என்னங்க, இது லாரியில வேணாம், நம்ம கார்ல வைங்க. நம்ம ஹால்ல வைக்கணும். போர்வை சுத்தித் தூக்குங்க."

நுணலும் தன் வாயால் கெடும். அம்மா பேச்சை எடுத்திருக்கவே கூடாது.

பிரம்பு நாற்காலிக்கு வேறு வழியில் போனார். "அதைத் தூக்காதீங்க மாப்பிள்ளை, அதுக்கு ஒரு கால் ஆடுது, கையோட வந்துடும்."

"கால் ஆடுதா?" மகள் அலறினாள். "இதுலயா இத்தனை நாள் உட்கார்ந்திருந்தீங்க?" மற்றதையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு நாற்காலிதான் முதலில் லாரி ஏறிற்று.

இரும்புப் பெட்டி விஷயத்தில் கண்டக்டர் மாப்பிள்ளையின் உடம்பின் மேல் அக்கறை காட்டினார். "வேணாம் மாப்பிள்ளை, கல்லு மாதிரி கனம். உங்க வயசுக்கு இடுப்பு பிடிச்சுக்கும்." ஐம்பத்தைந்து வயது ஆம்பளையிடம் மனைவிக்கு முன்னால் சொல்கிற வார்த்தையா அது? மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு பெட்டியையும் ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போனார். முகம் மட்டும் செங்கல் நிறத்துக்கு மாறியது.

மேஜை எதிர்ச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. பிரிட்ஜ் அது இருக்க வேண்டிய சமையலறைக்குள் போயிற்று. இத்தனை நேரமும் கண்டக்டர் படுக்கையறை நிலைப்படியைப் பிடித்தபடி, திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்து "எனக்குப் பிடிச்சுக்க வேணும்" என்று சொன்னால் போதும், எல்லாம் திரும்ப வந்துவிடும். அப்புறம் வெள்ளிக்கிழமைப் பரீட்சையே தேவைப்படாது. சனிக்கிழமை வர வேண்டிய கார் வியாழக்கிழமையே வந்து நிற்கிறதே!

வேலை முடிந்ததும் மகள் கூடத்தின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றிக் காட்டினாள். "பாருங்கப்பா! இப்ப கண்ணை மூடிட்டு நடக்கலாம்."

"பிரமாதம்" என்றார் கண்டக்டர். அவர் பார்த்தது பதினைந்து அடி வெறும் தரை.

அன்று ராத்திரி எப்படிக் கழிந்தது என்று கேட்காதீர்கள். அது அவருக்கும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்கும் நடுவில் உள்ள விஷயம்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே முக்காலுக்கு வாசல் மணி அடித்தது. பிசியோதெரபிஸ்ட் சொன்ன நேரத்துக்குக் கால்மணி முன்னாலேயே வந்துவிட்டாள். மகள் இன்னும் வரவில்லை. வாசல் கதவோ கூடத்தின் அந்தக் கோடியில். கண்டக்டர் யோசித்தார். நடுவில்தானே ஒன்றும் இல்லை, சுவர் இருக்கிறதே? உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தார். ஒரு சுவர் முடிந்தது. மூலை திரும்பினார். இரண்டாவது சுவரில் மேஜை மறித்தது, அதைத் தடவிக்கொண்டே சுற்றினார். மணி இன்னொரு தடவை அடித்தது. "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது சுவரையும் முடித்துக் கதவைத் திறந்தபோது, வெளியே நின்று ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பினாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு கையில் ஹெல்மெட், தோளில் ஒரு கனத்த பை.

"வணக்கம் சார். ஏன் சுவரையே ஒட்டிக்கிட்டு வர்றீங்க?"

"ஈரம் இறங்குதான்னு தொட்டுப் பார்த்துக்கிட்டு வந்தேன் டாக்டரம்மா."

"நான் டாக்டர் இல்ல சார், பிசியோ. மூணு சுவர்லயுமா ஈரம்?"

"ஈரத்துக்கு இந்தச் சுவர்தான்னு கணக்கு இருக்குதா என்ன?"

அவள் தலையை ஆட்டிக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதினாள். கண்டக்டர் எட்டிப் பார்த்தார், கையெழுத்து புரியவில்லை. அதற்குள் மகளும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள்.

படுக்கையறையில் மிச்சமிருந்த ஒரே மர நாற்காலியைக் கொண்டு வந்து, கண்டக்டரைப் பிடித்து அதில் உட்கார வைத்தார் மாப்பிள்ளை. பிசியோ பத்தடி தூரத்தில் தரையில் ஒரு சிவப்பு டேப்பை ஒட்டினாள்.

"சார், கையை ஊணாம எழுந்திருங்க. அந்த டேப் வரைக்கும் நடந்து போய், திரும்பி வந்து உட்காருங்க. பன்னெண்டு செகண்டுக்குள்ள வந்துட்டா ரொம்ப நல்லது."

கண்டக்டர் எழுந்தார். எழுந்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி, முப்பத்திரண்டு வருஷம் நின்ற அதே நிலையில் நின்றார். நிற்பதற்குப் பரிசு என்றால் அன்றைக்கு அவருக்குத்தான். மாப்பிள்ளை கைகூடத் தட்டிவிட்டார்.

"நடங்க சார்."

பன்னிரண்டு செகண்டு போயிற்று. இருபது போயிற்று. கால் எழவில்லை. மனசு போ போ என்கிறது, கால் மாட்டேன் என்கிறது. அவருடைய வலது கை தானாக இடுப்பு உயரத்துக்கு எழுந்து காற்றில் எதையோ துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை.

"பயப்படாம வாங்கப்பா, தடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாத்தையும் எடுத்தாச்சு!" என்று மகள் உற்சாகமூட்டினாள்.

பிசியோ அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். சாமான் இருந்த இடமெல்லாம் நிறம் மாறாமல் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, ஒரு கை தூரத்துக்கு ஒன்று வீதம்.

"இங்கெல்லாம் என்ன இருந்துச்சு?"

மகள் பெருமையாக ஒப்பித்தாள். மெஷின், நாற்காலி, பெட்டி, மேஜை, பிரிட்ஜ்.

"அதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத்தானே சார் நடந்தீங்க?"

ஈரம் என்று சொல்லலாமா என்று கண்டக்டர் ஒரு கணம் பார்த்தார். முடியவில்லை. "ஆமாம்மா" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குப் புரிய நாலு செகண்டு ஆயிற்று. புரிந்ததும் வெடித்தாள். "ஏம்பா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் ஒவ்வொண்ணா தூக்கறேன், கல்லு மாதிரி நின்னு பார்த்துக்கிட்டு இருக்கீங்க. பிரமாதம்னு வேற சொன்னீங்க!"

"சொன்னா கூட்டிட்டுப் போயிடுவே."

"நான் என்ன ஜெயிலுக்கா கூட்டிட்டுப் போறேன்?"

"உன் வீட்ல எனக்கு என்ன குறைம்மா? மாப்பிள்ளை மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டார். ஆனா அங்க நான் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளு. இங்க எனக்குப் பசிச்சா நான் எழுந்து போய் ஏதாவது பண்ணிக்கறேன். அதுக்காக எத்தனை தடவை வேணும்னாலும் விழறேன். கீழ விழறதுக்கு நான் பயப்படலை பாப்பா. உனக்குத்தான் பயந்தேன்."

பாங்கிக் கிளையையே அதட்டி வேலை வாங்குகிறவள் தரையைப் பார்த்தாள். தன்னைப் பார்த்துத் தன் அப்பா பயப்படுவார் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பிசியோதான் தொண்டையைச் செருமினாள். "மேடம், சாமானை எடுத்ததுல தப்பில்ல. அதெல்லாம் பிடிக்கறதுக்கு ஆன பொருள் இல்ல. அந்தக் கால் ஆடுற நாற்காலி ஒரு நாள் சாரையும் இழுத்துக்கிட்டுச் சாஞ்சிருக்கும். ஆனா அதுக்குப் பதிலா ஒண்ணு வைக்காம எடுத்ததுதான் தப்பு. சுவர் நீளத்துக்குக் கம்பி அடிக்கணும். உயரம் அளந்து ஒரு கைத்தடி. காலுக்கு தினமும் பயிற்சி. இதெல்லாம் ஒரு வாரத்துல ஆரம்பிச்சுடலாம்." பேனாவை மூடினாள். "எனக்குத் தெரிய வேண்டியது வேற. போன தடவை விழுந்தப்ப எவ்வளவு நேரம் கீழ கிடந்தீங்க சார்?"

"பத்து நிமிஷம்" என்றாள் மகள்.

"ரெண்டு மணி நேரம்" என்றார் கண்டக்டர்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"விழாம இருக்க நான் நூறு வழி சொல்லித் தருவேன்" என்றாள் பிசியோ. "ஆனைக்கும் அடி சறுக்கும். அப்படியும் ஒரு நாள் விழுந்துட்டா, தானா எழுந்திரிக்கத் தெரியணும். தெரிஞ்சா, தனியா இருக்கலாம்னு எழுதறேன். தெரியலைன்னா எழுத மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. நான் ஒரு தடவை செஞ்சு காட்டறேன், பாருங்க. அப்புறம் நீங்க."

பைக்குள்ளிருந்து பாயை எடுத்து விரித்து, அந்தம்மா கூசாமல் மல்லாந்து படுத்தாள். ஒருக்களித்துத் திரும்பினாள். முழங்கையை ஊன்றினாள். கையும் முழங்காலுமாகத் தவழ்ந்து நாற்காலிக்குப் போனாள். நாற்காலியில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, எழுந்து, திரும்பி உட்கார்ந்தாள். பிறகு அவளும் மாப்பிள்ளையுமாகக் கண்டக்டரை மெதுவாகப் பாயில் படுக்க வைத்துவிட்டு விலகினார்கள்.

கீழே இருந்து பார்த்தால் நாற்காலி எங்கேயோ இருந்தது. கண்டக்டர் ஒருக்களித்தார். பாதி திரும்பி மறுபடி மல்லாந்தார். மகளின் கை நீண்டது.

"தொடாதீங்க மேடம்."

இன்னொரு தடவை. இந்தத் தடவை திரும்பிவிட்டார். முழங்கை, பிறகு உள்ளங்கை. மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. மாப்பிள்ளை தோளில் கிடந்த துண்டின் நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் தவழ்ந்தார். எழுபத்தெட்டு வயசில், மீசையோடு, பெற்ற மகளுக்கு முன்னால் தவழ்ந்தார். நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்தார், முழங்கால் மடங்கி மறுபடி சரிந்தார்.

"வேணாம்ப்பா!" மகள் அழுதேவிட்டாள். "போதும். உங்களை இப்படிப் பார்க்க முடியலை. நான் பார்த்துக்கறேன்ப்பா."

"நீ சும்மா இரு பாப்பா!"

அந்தக் குரலை அந்த வீடு கேட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். படியில் தொங்குகிறவர்களை உள்ளே வரச் சொல்கிற குரல் அது. மகள் கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்து மூச்சு வாங்கினார். இரண்டு கையையும் நாற்காலியில் ஊன்றினார். வலது பாதத்தை முன்னால் இழுத்து வைத்தார். பல்லைக் கடித்து அழுத்தினார். இடுப்பு எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது, மெல்லத் திரும்பினார், உட்கார்ந்துவிட்டார்.

"மூணு நிமிஷம் நாப்பது செகண்டு" என்றாள் பிசியோ. ரெண்டு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அது எக்ஸ்பிரஸ்தான். நோட்டைத் திறந்து எழுதினாள். இந்தத் தடவை கையெழுத்து கண்டக்டருக்கு நன்றாகவே புரிந்தது. அவர் அழவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் அழுதார்.

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழப் போனாள். எழ முடியவில்லை. இருபது நிமிஷம் காலை மடித்து உட்கார்ந்ததில் இரண்டு முழங்காலும் பிடித்துக்கொண்டு, எழுந்த வேகத்தில் தொப்பென்று மறுபடி உட்கார்ந்தாள். பாங்கி நாற்காலியில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்த உடம்பு, தரையிலிருந்து எழுந்து எத்தனை நாளாயிற்றோ!

"ஐயையோ, அசையாதே, அசையாதே!" மாப்பிள்ளை பதறி ஓடி வந்தார். "தண்ணி குடிக்கிறியா? தலையணை கொண்டு வரட்டா? ரெண்டு நாள் லீவு போட்டுடு, நான் பார்த்துக்கறேன்" என்று அவளுடைய இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தார்.

"விடுங்க! எனக்கு ஒண்ணும் ஆகலை, நானே எழுந்திரிச்சுப்பேன்" என்று அவர் கையைத் தட்டிவிட்டாள்.

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. அப்படியே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டர் ஒரு சிரிப்புக் கூடச் சிரிக்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனசு அன்றைக்கு அவருக்கு எங்கிருந்து வந்ததோ.

மகள் ஒருக்களித்துத் திரும்பினாள், முழங்கையை ஊன்றினாள், அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக எழுந்தாள். புடவையை உதறினாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

"நாளைக்கு நான் வரலை. கம்பி அடிக்கிற ஆளை அனுப்பறேன்." சுவரில் கை வைத்துப் பார்த்தாள். "எத்தனை மணிக்கு வரச் சொல்லட்டும்? எங்கெங்க அடிக்கணும்னு நீங்களே சொல்லிடறீங்களா?"